விரலின் விலை

மனித உடம்புக்கு அச்சடித்த விலைப்பட்டியல் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். அடிமைச் சந்தை நடந்த காலத்துச் சங்கதியைச் சொல்லவில்லை; சட்டப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்லுகிறேன். 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் தேதியன்று அமலுக்கு வந்தது தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். அதன் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை உண்டு. இடையில் எத்தனையோ திருத்தங்கள் வந்தன. 2009இல் சட்டத்தின் பெயரே மாறியது. பிறகு அந்தச் சட்டம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கி, அது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு மாறியும் அட்டவணை என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

அதைப் படித்துப் பாருங்கள். இரண்டு கைகளும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 100 பங்கு நஷ்டம். கட்டைவிரல் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் ஒரே மதிப்பு: 7. ஒரு கண் போய், மற்றொரு கண் நன்றாக இருந்தால் 40. இப்படி ஒரு மனிதனை உச்சி முதல் உள்ளங்கால் வரை பிரித்துப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள்.

கணக்கும் சிரமமானதல்ல. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வயதுக்கு ஏற்ற ஓர் எண் அட்டவணையில் இருக்கிறது. 25 வயதுக்காரனுக்கு அது 216.91. அதனால் பெருக்க வேண்டும். வருகிற தொகையில் விரலுக்கு உரிய சதவீதத்தைப் பிடித்தால் விலை வந்துவிடும். மாதம் 10,000 ரூபாய் வாங்கும் 25 வயது இளைஞனின் ஆள்காட்டி விரலுக்கு 1,82,204 ரூபாய் 40 காசு. அந்த 40 காசைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை துல்லியமாகக் கணக்குப் போடுகிற ஒரு சமுதாயம் எதைக் கணக்கில் சேர்க்க மறந்தது என்று யோசிக்கத் தோன்றியது.

அட்டவணையைப் பார்த்ததும் அருவருப்பு உண்டாவது இயற்கை. "மனிதனுக்கு விலையா?" என்று மனம் பொங்கும். ஆனால் அந்தக் கோபத்திலேயே நின்றுவிட்டால் நியாயம் தவறிவிடும். இந்தப் பட்டியல் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1837இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. இறைச்சிக் கடை வேலைக்காரன் ஒருவன், அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்து கிடந்தான். ஜூரிகள் அவனுக்கு 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். மேலே இருந்த நீதிபதிகளோ எஜமானனுக்குப் பொறுப்பில்லை என்று அதைத் தள்ளிவிட்டார்கள். 1842இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இன்னொரு வழக்கு. தண்டவாளத்தைத் திருப்பிவிடும் சக தொழிலாளி செய்த பிழையால் ரயில் தடம் புரண்டு, என்ஜின் டிரைவர் ஒருவர் வலது கையை இழந்தார். அங்கே நீதிமன்றம் சொன்ன காரணம் நினைத்துப் பார்க்கத் தகுந்தது. ஆபத்தான வேலைக்கு அதிகச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆகவே ஆபத்தின் விலை சம்பளத்திலேயே அடங்கியிருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டுதானே வேலைக்கு வந்தாய் என்பது அதன் சாரம்.

அதாவது, கையின் விலையைக் கை போவதற்கு முன்பே, தவணை முறையில் கொடுத்தாகிவிட்டதாம்!

அந்த நிலையிலிருந்து உலகம் மெல்ல மெல்ல நகர்ந்தது. 1884இல் ஜெர்மனி, 1897இல் இங்கிலாந்து, 1923இல் நாம். யார் மேல் குற்றம் என்று தொழிலாளி நிரூபித்தாக வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது காயம் பட்டது என்றால் முதலாளி கொடுத்தாக வேண்டும் என்பது புதிய தர்மம். கோர்ட்டுப் படிக்கட்டில் கைகூப்பி நின்றவனுக்குக் கையில் ஒரு கணக்கைக் கொடுத்தது இந்த அட்டவணை. யாசகம் உரிமை ஆயிற்று. அந்த மட்டில் அதை நான் வணங்குகிறேன்.

அட்டவணை எல்லாம் அறிந்ததா என்றால், இல்லை. துரோணர் கேட்ட கட்டைவிரலை ஏகலைவன் வெட்டிக் கொடுத்தானே, நம் அட்டவணைப்படி அவனுக்கு நஷ்டம் 30 சதவீதம். வில்லாளிக்கு அது நூற்றுக்கு நூறு என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். இதை நம் உச்ச நீதிமன்றமும் கண்டுகொண்டது. 1968இல் ஒரிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆகவே அவருக்கு முழு நஷ்டம்தான் என்பதை 1975இல் அந்த நீதிமன்றம் உறுதி செய்தது. சதவீதத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்று சொன்ன தீர்ப்பு அது.

ஆனால் என் கேள்வி தொகை சரியா, தவறா என்பதல்ல. கொடுத்துவிட்டால் தீர்ந்துவிட்டதா என்பதுதான்.

'விபத்து' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எதிர்பாராதது, யாரும் நினையாதது, விதி என்றெல்லாம் அந்தச் சொல்லுக்குள் நாம் அடைத்து வைத்திருக்கிறோம். விரலை இழந்தவனுக்கு அது உண்மையிலேயே எதிர்பாராததுதான். காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு புறப்படும்போது, சாயங்காலம் பத்து விரலோடு திரும்பமாட்டோம் என்று எவன் நினைக்கிறான்? ஆனால் அவனைப் போன்ற லட்சம் பேருடைய நஷ்டஈட்டு மனுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அங்கே விதியின் கையெழுத்து தெரியவில்லை. வேறு யாருடைய கையெழுத்தோ தெரிகிறது.

முதலில் மனுக்களைப் பார்த்தவர்கள் தொழிலாளியின் மேல்தான் சந்தேகப்பட்டார்கள். அமெரிக்காவில் சுளுக்கு, முதுகுப் பிடிப்பு ஆகியவற்றுக்கான மனுக்கள் திங்கட்கிழமைகளில் அதிகமாக இருந்தன. உடனே ஒரு விளக்கம் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விளையாடி முதுகைப் பிடித்துக்கொண்டவன், திங்கட்கிழமை ஆலைக்கு வந்து, இங்கேதான் பிடித்தது என்று பொய் சொல்லுகிறான் என்றார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. 1996இல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் மின்னசோட்டா மாநிலத்து மனுக்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பொய் சொல்லுவதென்றால், சொந்தமாக வைத்திய இன்ஷூரன்ஸ் இல்லாதவன்தானே அதிகம் சொல்ல வேண்டும்? வைத்தியச் செலவுக்கு வழி இல்லாதவன் அவன்தானே? ஆனால் அப்படிப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் திங்கட்கிழமை மனுப் போட்டதாகக் காணோம். சந்தேகத்துக்கு வைத்த சாட்சி, சாட்சி சொல்ல மறுத்துவிட்டது.

மற்றக் கணக்குகளைப் பாருங்கள். கனடாவின் ஒன்டாரியோவில், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் காயம் பட்டு வேலை நேரத்தை இழக்கும் அபாயம், ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தவனுக்கு உள்ளதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். பழகாத கையைப் பழகாத யந்திரத்தில் விட்டவர் யார்?

அமெரிக்காவில் வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பி வைக்கும் வழக்கம் உண்டு. அதற்கு மறுநாள் திங்கட்கிழமை சுரங்கங்களில் என்ன நடந்தது என்று 1983 முதல் 2006 வரை உள்ள பதிவுகளை ஆராய்ந்தார்கள். காயங்கள் அதிகம், அவை கடுமையாகவும் இருந்தன. கடிகாரம் மாறிய அந்த இரவில் ஜனங்களுக்குக் குறைந்த தூக்கம் சராசரி 40 நிமிஷம். நாற்பதே நிமிஷத் தூக்கத்தை எடுத்துக்கொண்டதற்கு உடம்பு வட்டி கேட்கிறது. அப்படியானால் இரட்டை ஷிப்டு பார்க்கச் சொல்லும் இடங்களில் அது எவ்வளவு கேட்கும்?

வெயிலை நாம் அறிவோம். கலிபோர்னியாவில் 2001 முதல் 2018 வரை தொழிலாளர்கள் போட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட நஷ்டஈட்டு மனுக்களை வெப்ப நிலையோடு பொருத்திப் பார்த்து 2021இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 100 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் போகும் நாட்களில் காயங்கள், குளிர்ச்சியான நாட்களைவிட 10 முதல் 15 சதவீதம் அதிகம். மயங்கி விழுந்தவர்களின் கணக்கு மட்டுமல்ல இது. ஏணியிலிருந்து தவறியவன், யந்திரத்தில் கையை விட்டவன், பாரத்தைக் காலில் போட்டுக்கொண்டவன் எல்லோரும் இதில் அடக்கம். 'கவனக் குறைவு' என்று பாரத்தில் எழுதியிருப்பார்கள். கவனத்தைக் குறைத்தது வெயில் என்று எழுத அந்தப் பாரத்தில் இடம் கிடையாது. இதில் ஆறுதலான விஷயமும் ஒன்று உண்டு. வெளியில் வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் ஓய்வும் கொடுக்க வேண்டும் என்று 2005இல் அந்த மாநிலம் விதி செய்தது. அதற்குப் பிறகு வெயிலுக்கும் காயத்துக்கும் இருந்த அந்தப் பிணைப்புத் தளர்ந்ததையும் அவர்கள் கண்டார்கள். ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு கீற்று நிழலும் தடுக்கக்கூடிய ஒன்றை விதி என்று சொல்லுவது விதிக்கே அவமானம்.

பாரத்தை எழுதுகிறவர் யார் என்பதும் முக்கியம். 1931இல் ஓர் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரி, ஆயிரக்கணக்கான விபத்து அறிக்கைகளைப் படித்துவிட்டு, 100 விபத்துகளில் 88 தொழிலாளியின் செய்கையால் வந்தவை என்று எழுதினார். பல ஆண்டுகள் உலகமெங்கும் மேஸ்திரிகளும் மானேஜர்களும் அந்த எண்ணை வேதவாக்காகச் சொல்லி வந்தார்கள். ஆனால் அந்த அறிக்கைகளில் பலவற்றை எழுதியவர்கள் மேற்பார்வையாளர்கள்தாமே! எந்த மேற்பார்வையாளர், 'என் யந்திரத்தில் கோளாறு, என் அவசரத்தில் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்?

"தொழிலாளியே காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறானே, அதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்று ஒரு பட்டறைக்காரர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். கழற்றுகிறான், உண்மை. ஏன் கழற்றுகிறான்? தகடு இருந்தால் உருப்படி குறைகிறது. உருப்படி குறைந்தால் கூலி குறைகிறது. கூலி குறையாவிட்டால் வேலையே போகிறது. அவனுடைய விரலுக்கும் அவன் வீட்டு அடுப்புக்கும் நடுவில் அந்தத் தகட்டை மாட்டி வைத்தவர்கள், அவன் அடுப்பைத் தேர்ந்தெடுத்தான் என்று குறை சொல்லலாமா? வேண்டுமென்றே காப்பை அகற்றியவனுக்கு நஷ்டஈடு இல்லை என்று பழைய சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. ஆனால் உயிரே போனால் அந்த விலக்குச் செல்லாது என்றும் சட்டம் சொன்னது. முழு ஊனமானாலும் செல்லாது என்று 1995இல் திருத்தினார்கள். பாராளுமன்றத்துக்கும் இந்தக் குறைகூறலில் ஏதோ ஒரு சங்கடம் இருந்திருக்கிறது.

ஊர்ப்புறத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கும். ஒரு குழந்தை விழுந்தால் ஐயோ பாவம், விபத்து என்போம். அடுத்த ஆண்டு இன்னொன்று விழுந்தால் கிணற்றுக்குக் காவு வேண்டுமாம் என்பார்கள் சிலர். மூன்றாவது குழந்தையும் விழுந்த பிறகு கிணற்றுக்குச் சொந்தக்காரர், "பெற்றோர்களுக்கு வழக்கமான தொகையைக் கொடுத்துவிட்டேனே!" என்று சொன்னால் அவரை நாம் என்னவென்று அழைப்போம்?

அறிவுக்கு ஒரு கடமை உண்டு. தெரியாத வரையில் அது துரதிருஷ்டம். எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு அது சம்மதம். எந்த விரல், யாருடைய விரல் என்று தெரியாமலிருக்கலாம். ஆனால் இந்த ஆண்டும் விரல்கள் போகும், இந்த யந்திரத்தில் போகும், புதிதாக வந்தவனுக்கும் தூங்காதவனுக்கும் போகும் என்று தெரிந்த பின்பு, பேர் தெரியவில்லை என்பது ஒரு சமாதானமாகுமா?

"அப்படியானால் ரயிலே ஓடக்கூடாது, வீடே கட்டக்கூடாது, எதில்தான் ஆபத்து இல்லை?" என்று கேட்கலாம். ஆபத்தே இல்லாத உலகத்தை யாரும் கேட்கவில்லை. கடலுக்குப் போகிற மீனவன் ஆபத்தை அறிந்தே போகிறான், மீனும் அவனுடையது. கேட்க வேண்டியது வேறு. ஆபத்து ஒருவனுக்கு, ஆதாயம் இன்னொருவனுக்கு என்று பிரிந்திருக்கும்போது, இவ்வளவு ஆபத்துப் போதும் என்று கணக்குப் போட்டது யார்? யந்திரத்துக்குள் கையை விடாதவர் போட்ட கணக்கில், விரலின் விலை எப்போதும் மலிவாகத்தான் இருக்கும்.

இதைத் தூர தேசத்துக் கதையாக நினைக்க வேண்டாம். டெல்லிக்குப் பக்கத்தில் குர்கான், மானேசர், பரீதாபாத் பகுதிகளில் மோட்டார் வண்டிகளுக்கு உறுப்புகள் செய்யும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் இருக்கின்றன. அங்கே கைகள் நசுங்குவதைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்னும் அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் வெளி மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தகடு அழுத்தும் பவர் பிரஸ்தான் முதல் குற்றவாளி. அதில் அகப்பட்டுக்கொண்டவன் சராசரியாகச் சுமார் இரண்டு விரல்களை இழக்கிறான். அவற்றில் என்னை மிகவும் தைத்த செய்தி ஒன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த இ.எஸ்.ஐ. இன்ஷூரன்ஸ் அட்டை, வேலைக்குச் சேர்ந்ததும் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது விபத்து நடந்த பிறகுதான் வந்து சேருகிறதாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இது விரல் போன பிறகு வரும் விரலுக்கான காப்பு.

காகிதம் இருந்தாலும் காலம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவற்காரர் ஒருவர் 2003இல், விடியற்காலை 3 மணி வேலைக்காகப் போகும் வழியில், ஆலைக்கு 5 கிலோமீட்டர் தூரத்தில் விபத்தில் இறந்தார். வேலைக்குப் போகும் வழி வேலையில் சேர்த்தியா என்பது கேள்வி. நஷ்டஈட்டுக் கமிஷனர் சேர்த்தி என்றார். 2011இல் உயர் நீதிமன்றம் இல்லை என்றது. 2025இல் உச்ச நீதிமன்றம் சேர்த்திதான் என்று முடித்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்! நடுராத்திரியில் எழுந்து அவர் புறப்பட்டது யாருக்காக என்ற கேள்விக்கு இவ்வளவு காலம் வேண்டியிருந்தது. இப்போதைய சட்டத்தில் வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் தக்க சம்பந்தம் இருந்தால் இடம் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். அந்தக் குடும்பத்துக் குழந்தைகள் மட்டும் அதற்குள் பெரியவர்களாகி விட்டிருப்பார்கள்.

இதையெல்லாம் படிக்கும் நீங்களும் எழுதும் நானும் ஆலை முதலாளிகள் அல்ல. ஆகவே தப்பித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். முடியாது. நாம் ஏறிப் போகும் வண்டியின் கதவு எந்தப் பிரஸ்ஸில் அழுந்தி வந்தது? ஆடித் தள்ளுபடியில் வாங்கிய சட்டையின் மலிவு எவருடைய தூக்கத்தைக் குறைத்து வந்தது? இவை பெரிய கேள்விகள் என்றால் சின்னக் கேள்விக்கு வருவோம். நம் வீட்டு மாடிக்கு வெள்ளையடிக்கக் கயிற்றில் தொங்குகிறவன் இடுப்பில் காப்புக் கயிறு இருந்ததா என்று பார்த்தோமா? உச்சி வெயிலில் கலவை சுமக்கிற பெண்ணுக்கு ஒரு மணி நேரம் ஒதுங்க நிழல் இருந்ததா? அடுக்களையில் கையைச் சுட்டுக்கொண்ட வேலைக்காரம்மாளுக்கு மறுநாள் லீவு உண்டா, அந்த நாளுக்குச் சம்பளம் உண்டா? இவர்களுக்கு மனு இல்லை, பாரம் இல்லை, எந்த ஆராய்ச்சிக்காரரின் அடுக்கிலும் இவர்களுடைய காகிதம் சேராது. பட்ட காலிலே படும் என்பது பழமொழி. ஏன் அந்தக் காலிலேயே படுகிறது என்று எண்ணிப் பார்க்க யாரும் காகிதம் வைத்திருக்கவில்லை.

நஷ்டஈடு கொடுக்கப்பட வேண்டும். தாமதமில்லாமல், பேரம் பேசாமல், முழுவதும் கொடுக்கப்பட வேண்டும். அது நடந்துவிட்டதற்கான கடன். அந்தக் கடனைத் தீர்த்த ரசீதைக் காட்டி, நடக்கப் போவதற்கான கடனிலிருந்து யாரும் விடுதலை வாங்க முடியாது. 1,82,204 ரூபாய் 40 காசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபின், கணக்கர் பேரேட்டை மூடிவிடலாம். அந்தப் பட்டறையில் அடுத்த ஷிப்டுக்கு, அதே யந்திரத்துக்கு எதிரில், நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்த இன்னொரு பையன் நிற்கப் போகிறான். அவனுக்குப் பத்து விரல்களும் இருக்கின்றன. நாம் கணக்குப் பார்க்க வேண்டிய நேரம் இதுதான்.